அறுதியா, ஒற்றியா, குத்தகையா: வீடியோ கேம் கம்பனிகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் வெளியிடும் கம்பனிக்காரர் எல்லோருக்கும்,

வணக்கம். முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் உங்களுக்குக் கடன்காரன்.

யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதி திறந்த கையோடு, 2010இல், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு கேம் கடை போட்டேன். கடை என்றால் பத்துக்குப் பன்னிரண்டடி அறை. நாலு பழைய ரீவி, நாலு பிளேஸ்டேஷன் 2, எட்டு பிளாஸ்ரிக் கதிரை, பின்னுக்கு ஒரு ஜெனரேற்றர். மணித்தியாலத்துக்கு நாற்பது ரூபா. ரியூசன் விட்டு வருகிற பெடியள் சைக்கிளை ஒழுங்கையில் சாத்திவிட்டு முறை பார்த்து நிற்பார்கள். நாலு மெசினுக்கும் சிப் அடித்திருந்தது. கொழும்பிலிருந்து நூறு ரூபாவுக்கு எடுப்பித்த கொப்பி டிஸ்க்குகளை அவை மறுபேச்சில்லாமல் ஓட்டும். ஆறு வருசம் கடை நடந்தது. அந்த ஆறு வருசத்தில் உங்களில் எவருக்கும் ஒரு சதம்கூட என் கையால் வந்து சேரவில்லை.

சாட்டுச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒறிஜினல் டிஸ்க் விற்ற கடை எதையும் அப்போது நான் இங்கே கண்டதில்லை. ஒன்லைனில் வாங்க என்னிடம் வங்கிக் காட் இருக்கவில்லை. ஒரு ஒறிஜினலின் விலை கடையின் ஒரு மாத வாடகைக்குக் கிட்ட வரும். ஆனாலும் சாட்டு சாட்டுத்தான். நான் ஆறு வருசம் கள்ள டிஸ்க்கில் பிழைத்தவன், அதை மறைத்துக்கொண்டு உங்களிடம் நியாயம் கேட்க வரமுடியாது.

அந்தக் கடையில் எல்லாவற்றையும்விட அதிகம் ஓடியது கிரிக்கெட் 07. ஈஏ ஸ்போர்ட்ஸ் 2006 கடைசியில் விட்டது. அதற்குப் பிறகு அந்தக் கம்பனி ஒரு கிரிக்கெட் கேம் செய்யவில்லை. ஆனால் கேம் சாகவில்லை. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை என்று ஊரூராக இருந்த பெடியள் கொம்பியூட்டர் பதிப்புக்குப் புது முகங்கள், புது ஜேர்சி, புது மைதானம் எல்லாம் தாங்களே செய்து ஒட்டினார்கள். இன்றும் ஒட்டுகிறார்கள். எங்கட யாழ். மத்திய கல்லூரிப் பெடியன் வியாஸ்காந்த் 2024இல் ஐபிஎல்லில் பந்து போட்டபோது, எனக்குத் தெரிந்த ஒருவன் ஒரு கிழமைக்குள் அவரைக் கிரிக்கெட் 07க்குள் இறக்கிவிட்டான். முகம் அவ்வளவாக ஒத்துவரவில்லை. பந்து நன்றாகத் திரும்பியது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அந்த கேமுக்கு உங்கள் தயவு தேவைப்படவில்லை. டிஸ்க்கைப் போட்டால் ஓடும். சேவரை, அதாவது கம்பனி எங்கோ வைத்திருக்கிற மையக் கொம்பியூட்டரை, கேட்டுக்கொண்டு நிற்காது.

கடையைப் பூட்டியபின் போன், கொம்பியூட்டர் திருத்துகிற வேலைக்கு மாறினேன். கையில் காட்டும் வந்தது. 2017இல் ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையில் என் வாழ்க்கையின் முதலாவது ஒறிஜினல் கேமை வாங்கினேன். சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. பழைய கடனில் ஒரு கை மண் போட்டு மூடினமாதிரி. பிறகு ஒவ்வொரு வருசமும் கழிவு விலை நேரம் பார்த்து இரண்டு மூன்று எடுத்துக்கொண்டு வந்தேன். 2022இல் இரண்டே மாதத்தில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் பாய்ந்தபோது மட்டும் நிறுத்தினேன். 60 டொலர் கேம் 12,000 ரூபாவிலிருந்து 21,600 ஆனால் யார்தான் வாங்குவது? அந்த நேரம் நாங்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம்.

ஆக, இப்போது நான் கொஞ்சம் கடன்காரன், கொஞ்சம் வாடிக்கையாளன். இரண்டு பக்கத்திலும் நின்றுதான் எழுதுகிறேன்.

என் பெரியப்பா ஒரு நொத்தாரிசிடம் முப்பது வருசம் கிளாக்காக இருந்தவர். உறுதி எழுதியே விரல் காய்த்தவர். காணி என்று யார் வாயைத் திறந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “அறுதியோ, ஒற்றியோ, குத்தகையோ?” ஸ்டீமில் எனக்கு என்ன கிடைத்தது என்று விளங்கப்படுத்தியபோதும் அதையேதான் கேட்டார். நான் வாயடைத்துப் போனேன்.

உங்களுக்கு எங்கட வழக்கம் தெரிந்திருக்காது. யாழ்ப்பாணத்துக்கென்று தேசவழமை என்றொரு சட்டம் உண்டு. எங்கட சனத்தின் வழக்கங்களை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் ஆக்கினார்கள், இன்றும் நீதிமன்றத்தில் செல்லும். அதன்படி பார்த்தால், அறுதி என்பது முடிந்த விற்பனை. உறுதி கைமாறினால் காணி உன்னுடையது, விற்றவன் வேலிக்கு மேலால் எட்டிப்பார்க்கவும் உரிமையில்லை. குத்தகை என்றால் இத்தனை வருசம், இத்தனை காசு என்று முதலே பேசி முடித்துவிடுவார்கள். ஒற்றிதான் வடிவானது. நான் காசைத் தருவேன், நீ காணியைத் தருவாய். வட்டி இல்லை, வட்டிக்குப் பதிலாக விளைச்சலை நான் எடுப்பேன். காணி திரும்ப வேண்டுமென்றால் வாங்கிய காசை முழுதாகத் திருப்பித் தரவேண்டும். நினைத்த நேரம் வந்து மீட்கவும் ஏலாது. நிலத்தில் நிற்கிற பயிரைப் பார்த்துத்தான் மீட்கிற காலம். நெல்லுக்கு ஒன்று, பனைக்கு ஒன்று.

இனி நீங்கள் விற்பதைப் பாருங்கள். பட்டனில் ‘வாங்கு’ என்று எழுதுகிறீர்கள், அப்படியென்றால் அறுதி. உள்ளே நாற்பது பக்கத்து ஒப்பந்தத்தில் இது அனுமதி மட்டும்தான், எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்வோம் என்கிறீர்கள், அப்படியென்றால் குத்தகை. ஆனால் குத்தகைக்காரனுக்குச் சொல்கிற தவணையைச் சொல்வதில்லை. ஒற்றிக்காரனுக்குக் கொடுக்கிற காசையும் கொடுப்பதில்லை. மூன்றிலும் உங்களுக்கு வசதியான துண்டை மட்டும் வெட்டி எடுத்து ஒரு உறுதி எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பா சொன்னார், “இப்படி எழுதிக்கொண்டு போனால் நொத்தாரிசு ஐயா கடதாசியைக் கிழித்து என்ரை முகத்திலை எறிவார்.”

யுபிசொஃப்ட் கம்பனியின் தி குரூ கதை உலகத்துக்கே தெரியும். 2014 டிசெம்பரில் வந்த கார் ஓட்ட கேம். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி உள்ளே வைத்திருந்தார்கள். தனியாக ஓடுகிறவனும் சேவரோடு இணைந்தால்தான் ஓடலாம். 2024 மார்ச் 31ஆம் திகதி சேவரை நிறுத்தினார்கள். டிஸ்க்கில் வாங்கியவனின் டிஸ்க் அன்றோடு வெறும் தட்டு. பிறகு வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே அதைக் கழற்றியும் விட்டார்கள். ரொஸ் ஸ்கொட் என்ற யூடியூபர் அதை வைத்துத்தான் கேம்களைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2025 ஜூலையில் ஐரோப்பாவில் அதற்கு விழுந்த கையெழுத்து 10 இலட்சத்தைத் தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: விற்பது வெறும் அனுமதிதான் என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போடக்கூடாது. ஸ்டீம் அதற்கு முன்னமே காசு கட்டுகிற இடத்தில் ஒரு வரி போட்டுவிட்டது. நேர்மைதான், நன்றி. ஆனால் ‘இது உனக்குச் சொந்தமில்லை’ என்று சொல்லிவிட்டு அதே விலையை வாங்குவது எந்த ஊர் வியாபாரம் என்று கேட்கத்தான் செய்கிறது.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. சொனியின் கொன்கோர்ட் என்ற கேம் 2024 ஓகஸ்ட் 23ஆம் திகதி வந்தது. ஆளில்லை. இரண்டு கிழமையில், செப்டெம்பர் 6ஆம் திகதி, சேவரை மூடினார்கள். ஆனால் வாங்கின எல்லோருக்கும் முழுக்காசையும் திருப்பினார்கள். பெரியப்பாவிடம் சொன்னேன். “அது ஒற்றி. நல்ல ஒற்றி,” என்றார்.

பெரிய கம்பனிக் கதை போதும். வீட்டுக்குள் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன்.

அக்காவின் மகன், அப்போது பதின்மூன்று வயது. போனில் ஒரு பந்து விளையாட்டு கேம். மூன்று வருசம் ஒரு அணியைக் கட்டி எழுப்பினான். ஒவ்வொரு ஆட்டக்காரனும் ஒவ்வொரு கதை. ஒருவன் பிறந்தநாள் காசில் வந்தவன், ஒருவன் கனடா மாமா அனுப்பியதில், ஒருவன் அதிர்ஷ்டப் பெட்டியில் நாற்பது தரம் தோற்றபின் விழுந்தவன். ஒருநாள் இங்கிலிசில் ஒரு அறிவித்தல் வந்தது, இரண்டு மாதத்தில் மூடுகிறோம், இதுவரை சேர்ந்து விளையாடியதற்கு நன்றி. அவனுக்கு அது முழுதாக விளங்கவில்லை, என்னிடம் கொண்டுவந்தான். நான்தான் வாசித்துச் சொன்னேன். அழவில்லை. கடைசி இரவு கரண்ட் வேறு இல்லை. மெழுகுதிரிக்குப் பக்கத்தில் படுத்துக்கிடந்து, ஒவ்வொரு ஆட்டக்காரனாகத் திறந்து, பெயரையும் புள்ளியையும் விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதினான். இருபத்துமூன்று பெயர். ஏன் எழுதுகிறாய், ஸ்கிரீன்சொட் எடுத்தால் போதாதா என்று கேட்டேன். “ஸ்கிரீன்சொட்டும் போனோடை போயிடும் மாமா,” என்றான்.

தொண்ணூறுகளில் பல வருசம் இந்தக் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. பற்றறிக்கும் தடை. நாங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம், செய்தி கேட்டோம். எங்கோ ஒருவர் ஒரு சுவிச்சை நிறுத்த, கையில் இருக்கிற சாமான் வேலை செய்யாமல் போவது எப்படி என்று எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அப்போது டைனமோ இருந்தது. நீங்கள் போகும்போது ஒரு டைனமோவை விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் எங்கட வேண்டுகோள். கேம் தனியாக ஓட ஒரு பட்ச், அதாவது சின்னத் திருத்த மென்பொருள், அல்லது நாங்களே நடத்திக்கொள்ள அந்த சேவர் மென்பொருள். ஏலாத காரியமில்லை. நொக்கவுட் சிட்டி என்ற கேமை 2023இல் மூடியபோது, விரும்பியவர் சொந்த சேவரில் நடத்துகிற பதிப்பு ஒன்றைச் சும்மா கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். யுபிசொஃப்டுகூடச் சத்தம் எழும்பியபிறகு தி குரூவின் அடுத்த இரண்டு பாகங்களுக்கும் சேவரில்லாமல் ஓடும் வழி செய்வதாகச் சொல்லவேண்டி வந்தது. உங்கள் சேவரை ஆயுள் முழுக்க எரித்துக்கொண்டிருங்கள் என்று எவரும் கேட்கவில்லை. எங்களுக்கும் கரண்ட் பில் வருகிறது.

அடுத்தது, எங்கட நாட்டைப் பற்றி. பிளேஸ்டேஷன் பெட்டி கொழும்பிலும் விற்கிறது, யாழ்ப்பாணத்திலும் விற்கிறது. ஆனால் பிளேஸ்டேஷன் நெற்வேக் என்ற சொனியின் ஒன்லைன் சேவையில் கணக்குத் திறக்கப் போனால் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. கீழே இறங்கி இறங்கித் தேடினாலும் இல்லை. அதனால் இங்குள்ள பெடியள் எல்லோரும் அமெரிக்கர், இல்லாவிட்டால் இந்தியர். கொக்குவிலில் இருந்துகொண்டு ஏதோ ஒரு அமெரிக்க முகவரியை அடிக்கிறார்கள். நீங்கள் உண்மையான விவரம் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறீர்கள், உண்மையைச் சொன்னால் வாசலிலேயே நிறுத்துகிறீர்கள். பொய் சொன்னால்தான் காசு கொடுக்கலாம் என்கிற கடையை நான் வேறெங்கும் கண்டதில்லை. என்னிடம் வருகிற ஒரு பெடியனின் கணக்கை வேறொரு கம்பனி நாடு பொருந்தவில்லை என்று பூட்டியது. உள்ளே பதினொரு கேம். எழுதிக் கேட்டதற்கு வந்த பதிலில் அவனுடைய பெயர்கூடச் சரியாக இல்லை.

2024 மே மாதம் சொனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம் விசயத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. கொம்பியூட்டரில் வாங்கியவர்களும் சொனிக் கணக்கோடு இணைக்கவேண்டும் என்று திடீரென்று சொன்னார்கள். அந்தச் சேவையே இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளில் ஸ்டீமில் விற்பனையும் நின்றது. சனம் எதிர்விமர்சனமாக எழுதித் தள்ளியது, சில நாட்களுக்குள் இரண்டு இலட்சத்துக்கு மேல். சொனி பின்வாங்கியது. இந்தச் சின்ன நாட்டையும் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுவது அவ்வளவு கஷ்டமா?

டயமண்ட் கதையையும் சொல்லவேண்டும். இப்போதைய என் திருத்துகிற கடையில் போனுக்கு ரீலோட் போடுகிறோம், கேம்களுக்குள் செலவழிக்கிற காசான டயமண்டும் போடுகிறோம். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஒரு சின்னவன் வருவான். மடித்து மடித்து வியர்வையில் நனைந்த ஐந்நூறு ரூபாத் தாளை மேசையில் வைப்பான். “அண்ணை, எவ்வளவு வரும்?” நான் எண்ணிக்கையைச் சொல்வேன். அவன் மனதுக்குள் கணக்குப் பார்ப்பான், கேமில் ஒரு துவக்குக்குப் போடுகிற அலங்காரத் தோலுக்கு இருபது டயமண்ட் குறையும். எப்போதும் கொஞ்சம் குறையும், அல்லது ஒன்றுக்கும் உதவாத மாதிரி கொஞ்சம் மிஞ்சும். அது தற்செயல் இல்லை என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ரூபாவை டயமண்டாக்கி, டயமண்டை டோக்கனாக்கி, டோக்கனை அதிர்ஷ்டப் பெட்டிக்குள் போட்டு, கடைசியில் அந்தப் பிள்ளை ஐந்நூறு ரூபா செலவழித்தான் என்பதையே மறக்கச் செய்கிறீர்கள். பெல்ஜியம் 2018இலேயே அந்தப் பெட்டிகளில் சிலவற்றைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. ஃபோர்ட்நைட் என்ற கேமில் ஆட்களை ஏமாற்றிப் பட்டனை அமத்த வைத்ததற்காக எபிக் கம்பனி 24.5 கோடி டொலர் திருப்பிக் கட்ட 2022இல் அமெரிக்காவில் இணங்கியது. நானும் இதில் கொமிசன் எடுக்கிறவன்தான், அதனால் பெரிதாகக் குதிக்க எனக்கு வாயில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுக்குக் கீழே யாராவது ஆயிரத்துக்கு மேல் கேட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறேன். எண்பது சதுர அடிக் கடைக்காரன் செய்யக்கூடியதை நீங்களும் செய்யலாம்.

எங்கட பக்கத்துக் கடனுக்கு வருகிறேன். இதை வாசிக்கிற எங்கட பெடியளுக்கும் சேர்த்துத்தான்.

கள்ளக் கொப்பியைப் பற்றி முதலே சொல்லிவிட்டேன். இப்போது கழிவு நேரத்தில் ஒரு கொத்துரொட்டிக் காசுக்குக் கிடைக்கிற கேமையும் கிராக், அதாவது பூட்டுடைத்த கள்ளப் பதிப்பு, தேடி இறக்குகிறவனுக்கு என்னிடம் இருந்த சாட்டு இல்லை. முதல் வாரமே முழு விலைக்கு வாங்கு என்று நான் சொல்லமாட்டேன், 70 டொலர் என்பது இங்கே 20,000 ரூபாவுக்கு மேல். பொறுத்திருந்து வாங்கலாம்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைய விளையாடியிருந்தால் காசு திரும்பும். நல்ல விதி. ஆனால் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிகிற சின்ன கேமை முழுவதும் முடித்து, ரசித்து, ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதியும் விட்டு, காசைத் திருப்பி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2021இல் அப்படிச் சின்ன கேம் செய்த ஒருவர் இதனாலேயே வெறுத்து, தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தார். அது சாப்பாட்டுக் கடையில் இலையை வழித்து நக்கிவிட்டு உப்பில்லை என்று சொல்கிற வேலை.

ஹக், அதாவது ஏமாற்று மென்பொருள், போட்டு விளையாடுகிறவனைப் பற்றி ஒரு வரி போதும்: கிட்டிப்புள்ளில் அளாப்பினவனையே நாங்கள் அடுத்த ஆட்டத்துக்குச் சேர்த்ததில்லை.

இன்னொன்று, கோபத்தை யார் மேல் காட்டுகிறோம் என்பது. கேம் தள்ளிப்போனால், ஒரு துவக்கின் பலத்தைக் குறைத்தால், அதை எழுதிய ஆளுக்கே கொல்லுவேன் என்று செய்தி அனுப்புகிறார்கள். முடிவெடுத்தது மேலே கதிரையில் இருக்கிறவன், ஏச்சு வாங்குகிறது கீழே இரவிரவாக விழித்திருந்து வேலை செய்கிறவன். ஹெல்டைவர்ஸ் விசயத்தில் சனம் சரியான இடத்தில் அடித்தது, அதனால் வேலை நடந்தது. அதுவும் நாங்கள் வாங்கினோம் என்பதால்தான் எங்கட சொல் ஏறியது. சும்மா இறக்கியவனுக்கு விமர்சனம் எழுதவே ஸ்டீமில் இடமில்லை.

பிழையாக வந்து திருந்தியதற்கு நாங்கள் மதிப்புக் கொடுக்கத்தான் செய்கிறோம். 2016இல் நோ மான்ஸ் ஸ்கை என்ற கேம் வந்தபோது சொன்னதில் பாதி இல்லை. எல்லோரும் காறித் துப்பினோம். அந்தச் சின்னக் குழு அதற்குப் பிறகு வருசக்கணக்காக, மேலதிகக் காசு கேட்காமல், ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்தது. நான் அதை வாங்கியது ஐந்து வருசம் கழித்து. வாங்கியதில் துக்கமில்லை.

கடைசியாக, என் சொந்தக் கடன். போன கிழமை ஒரு ஓய்வு நாளில், ஆறு வருசம் எனக்குச் சோறு போட்ட கேம்களை ஒவ்வொன்றாகத் தேடி ஒறிஜினலாக வாங்கிவிடுவோம் என்று இருந்தேன். சிலது ஸ்டீமில் கிடைத்தது, எடுத்துவிட்டேன். கிரிக்கெட் 07ஐத் தேடினேன். ஸ்டீமிலும் இல்லை, ஈஏயின் சொந்தக் கடையிலும் இல்லை. பக்கத்து மேசையில் மருமகன் அதே கேமில் வியாஸ்காந்துக்குப் பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய கொம்பியூட்டரில் இருக்கிறது, என்னுடையதில் இருக்கிறது, இந்த ஒழுங்கையில் ஐந்தாறு வீட்டில் இருக்கிறது. விற்பனைக்கு மட்டும் இல்லை.

காட் கையில் இருக்கிறது. விலையைச் சொல்லி, எங்கே கட்டவேண்டும் என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலிச் சந்தியில் முன்பு கேம் கடை வைத்திருந்தவன்,
யாழ்ப்பாணம்